வரிப்பதிவேட்டுக்கு வெளியே நின்ற வாசகர்: தலவாக்கலையும் பொது நூலகத்தின் தொழில்நுட்பமும்

இலங்கையில் பொது நூலகம் கல்வித் திணைக்களத்தின் கிளையாக வளரவில்லை. சந்தை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, மயானம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில், உள்ளூராட்சி மன்றத்தின் பணிகளுள் ஒன்றாகவே அது சட்டப் புத்தகத்தில் இடம்பிடித்தது. 1939ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச் சட்டமும், 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும், பின்னர் வந்த 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் நூலகங்களை நிறுவிப் பேணும் அதிகாரத்தை அந்தந்த மன்றங்களிடமே விட்டன. இதனால் நூலகத்தின் வாசகர் யார் என்ற கேள்விக்கான விடையை மன்றத்தின் எல்லைக்கோடும் அதன் வரிப்பதிவேடும் முன்கூட்டியே எழுதிவிட்டன. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ, எல்லைக்குள் குடியிருப்போரே வரி செலுத்துவோராகவும் இருந்தமையால், இது பெரிய சிக்கலாகத் தோன்றவில்லை. ஆனால், ஒரு கடைவீதியைச் சுற்றி நாற்புறமும் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த தலவாக்கலை போன்ற ஊரில், மக்களுள் பெரும்பான்மையோர் அந்தப் பதிவேட்டுக்கு வெளியே வாழ்ந்தனர். பொது நூலகங்களின் கணினி, இணைய, மின்னூல் சேவைகளை மதிப்பிட்டு மேம்படுத்துவது பற்றி இன்று பேசப்படுவன அனைத்தும் இவ்வூரில் இந்தப் பழைய கணக்கிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளன.

தலவாக்கலை கோப்பிக் காலத்தின் இறுதியிலும் தேயிலைக் காலத்தின் தொடக்கத்திலும் உருவான ஊர். மலைநாட்டுத் தொடருந்துப் பாதை 1885இல் நானுஓயா வரை நீண்டபோது, டிம்புள்ளைப் பகுதித் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்கவும் அரிசி மூட்டைகள் மலைக்கு ஏறவும் இங்குள்ள நிலையம் வாயிலாயிற்று. அதையொட்டிக் கடைவீதியும், கோயிலும், அஞ்சலகமும், பாடசாலைகளும் எழுந்தன. லிந்துலையையும் சேர்த்து இன்று தலவாக்கலை–லிந்துலை நகர சபை என வழங்கும் மன்றத்தின் ஆட்சி இந்த ஒடுங்கிய நிலப்பரப்புக்கே உரியது. சபையின் எல்லையைத் தாண்டிய மலைச்சரிவுகளில், ஒரே கூரையின் கீழ் பத்தும் பன்னிரண்டும் அறைகள் வரிசையாக அமைந்த லயங்களில், ஊரின் கடைகளுக்கு உயிர் கொடுத்த தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன. சம்பள நாளிலும் தீபாவளி முன்பணம் கிடைக்கும் நாளிலும் கடைவீதிக்கு அவர்கள் மிக வேண்டியவர்களாயினர். சபையின் ஏட்டில் அவர்கள் ஊராரல்லர்.

இவ்வளவு சிறிய ஊரில், உலகத் தரம் வாய்ந்த தகவல் சேவை ஒன்று ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வேரூன்றியது என்பது வியப்பூட்டும் செய்தி. 1925இல் சட்டத்தின் வாயிலாக நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் சில ஆண்டுகளில் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது; 1928 முதல் ஆங்கிலத்தில் தன் காலாண்டு இதழை வெளியிட்டது; மண், உரம், கொப்புள நோய், கொழுந்தின் புளிப்பேற்றம் ஆகியவற்றைப் பற்றிய உலக இலக்கியத்தைத் தன் நூலகத்தில் திரட்டியது. பழைய கொழும்பு நூலகமும் பேட்டை நூலகமும் இணைந்து கொழும்புப் பொது நூலகம் உருவானதும் அதே 1925இல்தான் என்பது தற்செயலே எனினும், ஒப்பிடத் தக்கது. தலைநகரில் பொதுமக்களுக்கு நூலகம் வாய்த்த ஆண்டில், தேயிலைச் செடிக்கும் நூலகம் வாய்ப்பதற்கான சட்டம் பிறந்தது. செடியைப் பராமரித்தவருக்கு இரண்டிலும் இடமிருக்கவில்லை. சென் கூம்ஸிலிருந்து புறப்பட்ட அறிவு தோட்ட முகாமையாளரான துரைக்குச் சென்று, அவரிடமிருந்து மேற்பார்வையாளரான கணக்கப்பிள்ளைக்கு இறங்கி, காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் அணிவகுப்பில், கட்டளையாக மாறியே தொழிலாளரை எட்டியது.

இதைக்கொண்டு தோட்டங்களில் வாசிப்பே இருக்கவில்லை என்று முடிவுகட்டுவது பிழையாகும். ஆபிரகாம் ஜோசப்பின் கோப்பிக் கிருஷிக் கும்மி 1869இலேயே அச்சேறிவிட்டது. பெரிய எழுத்துப் பதிப்புகளாக வந்த பாரதக் கிளைக்கதைகளும் அம்மானைகளும் கடல் கடந்து லயங்களுக்கு வந்தன. 1920களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் நடத்திய தேசநேசன், தேசபக்தன் ஆகிய இதழ்களும் அவருடைய துண்டுப் பிரசுரங்களும் தோட்ட நிர்வாகத்தின் கண்ணில் படாமல் கைமாறின. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளரின் அவலத்தைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடி, எழுத்தறியாதவரிடமும் அச்செழுத்தைக் கொண்டு சேர்த்தார். பிற்காலத்தில் ஏ. இளஞ்செழியன் தலைமையிலான இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தமிழ்நாட்டு இதழ்களின் வாசிப்பைத் தோட்ட இளைஞரிடையே பரப்பிற்று. தொழிற்சங்கக் கிளைகளும் இளைஞர் மன்றங்களும் ஆங்காங்கே நடத்திய வாசிகசாலைகள், செய்தித்தாள்களையும் சில நூல்களையும் மட்டுமே வைத்திருந்த சிறு படிப்பறைகளாக இருந்தும், நூலகத்தின் வேலையில் ஒரு பங்கைச் செய்தன. இந்த வாசிப்பின் இயல்பு கவனிக்கத் தக்கது: எழுத்தறிந்த ஒருவர் படிக்க, பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். இன்றைய நூலகப் புள்ளிவிவர முறையில் இந்நிகழ்வைப் பதிவு செய்தால் வாசகர் எண்ணிக்கை ஒன்று என்றுதான் விழும்.

தோட்ட மக்களை உள்ளூராட்சியிலிருந்து விலக்கிய சட்டங்களின் வரிசை நீண்டது. 1889ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயச் சட்டம் இந்தியத் தொழிலாளரைக் கிராமச் சங்க அமைப்புக்கு வெளியே நிறுத்தியது. 1930களின் இறுதியில் அச்சட்டம் திருத்தப்பட்டபோதும் தோட்டங்களில் குடியிருந்த தொழிலாளருக்குக் கிராமச் சங்க வாக்குரிமை கிட்டவில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. பூண்டுலோயாவுக்கு அருகிலுள்ள மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய ஒரு படைப்பாளியைத் தேர்ந்தெடுத்த அந்த வாக்காளர்களுள் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்து இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரிதும் தீர்ந்தது.

குடியுரிமை வந்த பின்னும் நூலகத்தின் கதவு முழுவதும் திறக்கவில்லை. அதற்குக் காரணம் வேறொரு சட்டத்தின் ஒரு பிரிவு. தோட்டக் குடியிருப்புகள் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலுள்ள நிலம் என்பதால், அவற்றுக்குப் பொது நிதியைச் செலவிடப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு இடமளிக்கவில்லை என்றே நீண்டகாலம் பொருள்கொள்ளப்பட்டு வந்தது. தெருவிளக்குக்கும் வடிகானுக்கும் பொருந்திய இந்தத் தடை நூலகக் கிளைக்கும் பொருந்திற்று. இதனோடு, இலங்கையின் உள்ளூராட்சி நூலகங்கள் பலவற்றில் நூல் இரவல் பெற விரும்புவோர் மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி, அதாவது கட்டடத்தின் மதிப்பைக் கணித்து ஆண்டுதோறும் விதிக்கப்படும் வரி, செலுத்தும் ஒருவரின் பிணைக் கையொப்பத்தை விண்ணப்பத்தில் பெறும் வழக்கமும் இருந்தது. லயத்து அறைக்கு உரிமைப் பத்திரமும் இல்லை, வரி இலக்கமும் இல்லை. ஆகவே லயத்துப் பிள்ளை ஒன்று நூல் கேட்டால், நகரத்துக் கடைக்காரர் எவரையேனும் தேடிக் கையொப்பம் வாங்க வேண்டியதாயிற்று. நூல்கள் தொலையாமல் காப்பதற்காக ஏற்பட்ட இந்த விதியை எழுதியவர் யாரும் தோட்டத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்க மாட்டார். விளைவு மட்டும் தோட்டத்தின்மீது விழுந்தது.

நூலகத்துறை நாடளாவிய ஒழுங்குக்குள் வந்தது 1970ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைத் தேசிய நூலகச் சேவைகள் சபையின் வழியாகும். 1990இல் கொழும்பில் தேசிய நூலகம் திறக்கப்பட்டது, 1998இல் சபையின் பெயரோடு ஆவணவாக்கல் பணியும் இணைந்தது. ஆயினும் இச்சபை வழிகாட்டியதேயன்றி, உள்ளூர் நூலகங்களை நடத்தவில்லை. நூலகருக்குச் சம்பளமும் நூல்களுக்குப் பணமும் உள்ளூராட்சி மன்றத்தின் வழியாகவே வந்தன. 1987க்குப் பின் அம்மன்றங்கள் மாகாண சபைகளின் கண்காணிப்பின் கீழ் வந்தன. தலவாக்கலையில் ஒரு கணினி பழுதானால் அது நகர சபையின் செலவா, மத்திய மாகாணத்தின் பொறுப்பா, கொழும்பின் திட்டமா என்ற கேள்வி எழுவது இந்த மூன்றடுக்கு ஏற்பாட்டின் இயல்பான விளைவே.

கணினி முதலில் வந்தது பொது நூலகங்களுக்கன்று, ஆராய்ச்சி நூலகங்களுக்கு. 1980களின் பிற்பகுதியில் யுனெஸ்கோ இலவசமாக வழங்கிய ஐசிஸ் என்னும் நூற்பட்டியல் மென்பொருள் வளரும் நாடுகளின் சிறப்பு நூலகங்களில் பரவிற்று. நூற்பட்டியல் என்பது ஒரு நூலகத்திலுள்ள நூல்களை ஆசிரியர், தலைப்பு, பொருள் ஆகியவற்றின்படி தேடிக் கண்டடைவதற்கான ஒழுங்கு. முன்பு அது சிறு அட்டைகளில் எழுதப்பட்டு மரப் பெட்டிகளின் இழுப்பறைகளில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தது. அம்மென்பொருள் இயங்கிய அக்காலக் கணினிகளில் உரோமன் எழுத்தே எளிதாக ஏறியது. ஆங்கில நூல்களை மட்டும் பட்டியலிட்ட ஆராய்ச்சி நிலையத்துக்கு அது குறையாகத் தோன்ற வாய்ப்பில்லை. சிங்களமும் தமிழும் அடுக்கிலுள்ள ஒரு பொது நூலகத்திலோ அதுவே முழுத் தடையாயிற்று.

பின்னர் தமிழ் கணினியில் ஏறியபோது, இலங்கையில் பாமினி முதலிய எழுத்துருக்கள் பரவின. இவற்றில் திரையில் தெரிவது தமிழ். கணினியின் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. கடிதம் தட்டச்சுச் செய்து அச்சிடுவதற்கு அது போதும், நூலகத்துக்குப் போதாது. தமிழ் அகரவரிசைப்படி அடுக்கச் சொன்னால், உள்ளிருக்கும் ஆங்கிலக் குறியீட்டின் வரிசையில் அடுக்கும். வேறொரு கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் பட்டியல் முழுவதும் பொருளற்ற குறிகளாகும். உலகின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வழங்கும் ஒருங்குறி முறையில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தும், அலுவலகங்களும் அச்சகங்களும் அதற்கு மாற ஒன்றரைப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. நியூசிலாந்தின் ஒரு சிறு பொது நூலகத்துக்காக உருவாகி 2000ஆம் ஆண்டில் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்த கோஹா, ஒருங்குறியை ஏற்றுத் தமிழிலும் இயங்கக்கூடியது. ஆகவே மென்பொருளின் விலை இன்று தடையன்று. பழைய பதிவேட்டிலுள்ள நூல்களை ஒவ்வொன்றாகத் தமிழில், தமிழ் எழுத்திலேயே உள்ளிடுவதற்கு ஆளும் நேரமும் ஒதுக்கப்படுகின்றனவா என்பதே கேள்வி. புதிய கணினி வாங்கியதைப் படம் பிடித்து வெளியிட முடிகிறது. ஆயிரம் தமிழ் நூல்களுக்குப் பட்டியல் எழுதியதை எவரும் படம் பிடிப்பதில்லை.

கணினி மின்சாரமின்றி இயங்காது என்பதால், மின்சாரத்தின் வரலாறும் இங்கே சேர்த்து எண்ணத் தக்கது. லக்சபானத் திட்டத்தின் முதற்கட்டம் 1950இல் இயங்கத் தொடங்கி, மலையகத்து நீரால் கொழும்பு ஒளிபெற்ற காலத்தில், அந்த நீர் ஓடிய சரிவுகளின் லயங்களில் குப்பி விளக்கே எரிந்தது. பல பத்தாண்டுகள் கழித்தே அங்கு மின்கம்பி போய்ச் சேர்ந்தது. 150 மெகாவாட் திறன் கொண்ட மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் தலவாக்கலையின் ஓரத்திலேயே அணை கட்டி இயங்கலாயிற்று.

2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் நிறுவப்பட்டபின், உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய இ–சிறிலங்காத் திட்டத்தின் கீழ் நெனசல எனப்படும் மையங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டன. கணினியும் இணையமும் பயிற்சியும் ஒரே இடத்தில் கிடைக்கும் இம்மையங்கள் விகாரைகளிலும், கோயில்களிலும், நூலகங்களிலும், சிறு கடைகளிலும் அமைந்தன. அவற்றுள் இலவசச் சேவை வழங்கிய மின்நூலகப் பிரிவுக்கு 2014இல் பில் மற்றும் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் கற்றல் அணுக்க விருதும் 10 இலட்சம் அமெரிக்க டொலரும் கிடைத்தன. உலக அரங்கில் நாட்டுக்குக் கிடைத்த இந்த மதிப்பு தகுதியற்றதன்று. ஆனால் இத்தகைய திட்டங்களின் வெற்றி திறக்கப்பட்ட மையங்களின் தொகையால் சொல்லப்பட்டது. மையம் எந்த மொழியில் கற்பித்தது, அங்கிருந்து தொலைவிலுள்ள தோட்டப் பிரிவுக்குப் பேருந்து எத்தனை மணிக்கு நிற்கிறது, பழுதான இயந்திரம் எத்தனை நாளில் சீராகிறது ஆகியவை தொகைக்குள் அடங்கா. குடிசன மதிப்பீட்டு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி அறிவு அளவீடுகளில் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று துறைகளுள் தோட்டத்துறை தொடர்ந்து கடைசியில் நிற்பது இந்த இடைவெளியின் அளவைக் காட்டும்.

நூலகத் தொழில்நுட்பச் சேவையை அளந்தறியும் முறைகள் மேலைநாடுகளில் இதே காலத்தில் செம்மைப்பட்டன. நூலகச் செயற்றிறனை அளக்கும் சுட்டிகளைத் தொகுத்த ஐஎஸ்ஓ 11620 என்னும் பன்னாட்டுத் தரம் 1998இல் வெளிவந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2010இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் 14 வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், அதாவது 7.7 கோடிப் பேர், முந்திய ஆண்டில் பொது நூலகத்தின் கணினியையோ இணைய இணைப்பையோ பயன்படுத்தியதாகக் கண்டது. அதன் தொடர்ச்சியாக, நகர நூலகங்கள் மன்றம் முன்னின்று 2014இல் நாடளாவ அறிமுகப்படுத்திய எட்ஜ் என்னும் மதிப்பீட்டு ஏற்பாடு, நூலகம் தன்னைத்தானே அளந்துகொள்வதற்கான 11 அளவுகோல்களை வகுத்தது. எத்தனை கணினி, எவ்வளவு வேகம் என்பதோடு நில்லாமல், வேலை தேடுவோருக்கும் அரசாங்கச் சேவையை நாடுவோருக்கும் நூலகம் எவ்வாறு துணை நிற்கிறது என்பதையும் கேட்டமை அதன் சிறப்பு. எனினும் ஊரிலுள்ள ஒவ்வொருவரும் நூலகத்தின் உரிமையுள்ள வாசகரே என்ற எடுகோளை அது கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்க நகரத்துக்கு அது பொருந்தலாம். தலவாக்கலையில் அந்த எடுகோளையே முதலில் சோதிக்க வேண்டும். இல்லையேல், உள்ளே வந்தவர்களின் திருப்தியை மட்டும் எண்ணி, வர முடியாதவர்களை இன்னொரு முறை பதிவேட்டுக்கு வெளியே விட்டதாக முடியும்.

இவ்வூருக்குப் பொருந்தும் அளவை நூலகத்தின் வாசலில் தொடங்காமல் தோட்டப் பிரிவில் தொடங்கும். டயகம, அக்கரப்பத்தனை போன்ற தோட்டப் பகுதிகளிலிருந்து ஒரு மாணவி சென்றுவரப் பேருந்துக் கட்டணம் எவ்வளவு என்பதும், காலைப் பெரட்டு முதல் மாலைக் கொழுந்து நிறுவை வரை மலையில் நிற்கும் பெண்ணுக்கு நூலகம் திறந்திருக்கும் வேளை எது என்பதும் அதில் முதற் கேள்விகளாகும். பிறப்புச் சான்றிதழின் பிரதி, தேசிய அடையாள அட்டை விண்ணப்பம், ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு முதலியவை இணையத்துக்கு நகர்ந்துவரும் காலத்தில், அவற்றைத் தமிழில் விளங்கவைத்து நிரப்ப உதவும் ஒருவர் நூலகத்தில் இருப்பது புதிய கணினிகள் ஐந்துக்குச் சமமான மேம்பாடாகும். சேவையே வாசகரைத் தேடிச் செல்லும் வழியும் தமிழருக்குப் புதிதன்று. தோட்டத் தொழிலாளரின் முன்னோர் பலர் புறப்பட்ட காவிரிப் பகுதியில், மன்னார்குடியில் 1931இல் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊரூராக அனுப்பினார். நூலக அறிவியலாளர் எஸ். ஆர். இரங்கநாதன் நூலக அறிவியலுக்கான தம் ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். மலைப்பாதையில் ஒரு வாகனம் இணைய இணைப்போடும் சில கைக்கணினிகளோடும் தோட்டப் பாடசாலைக்குச் செல்வது அந்த வண்டியின் வழிவந்த ஏற்பாடே.

2020இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசிக்கு மாறியபோது, மலையகப் பிள்ளைகள் அலைவரிசை தேடி மேட்டு நிலங்களுக்கு ஏறினர்; ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் வேலைக்குச் சென்றவரின் கையில். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்தது, அச்சுத்தாளும் அரிதாயிற்று. இணையமில்லாமலும் படிக்கத் தக்க வகையில் பாடநூல்களையும் மலையக இலக்கியத்தையும் ஒரு சிறு கருவியில் சேமித்து, அருகிலுள்ள கைப்பேசிகளுக்கு அனுப்பும் ஏற்பாடு இத்தகைய ஊருக்கு ஏற்றது. அதன் செலவு குறைவு, பராமரிப்பும் எளிது.

அப்படிச் சேமிக்கத் தக்க நூற்செல்வம் ஏற்கெனவே திரண்டிருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டமை, ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக அறிவை வைத்திருப்பதன் ஆபத்தை ஈழத்தமிழருக்கு உணர்த்திற்று. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி இணையத்தில் இலவசமாக வழங்குகிறது, அவற்றுள் மலையக வெளியீடுகளும் உண்டு. வேலுப்பிள்ளை லயங்களில் கேட்டுத் திரட்டிய பாடல்கள் மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்ற நூலாக 1983இல் சென்னையில் அச்சேறின; 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபின் உள்நாட்டில் முளைத்த சிற்றிதழ்களோ சில நூறு பிரதிகளோடு நின்றன. இவற்றைத் தலவாக்கலை நூலகத்தின் பட்டியலில் சேர்த்துத் தேடக்கூடியதாக்குவதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை.

2018ஆம் ஆண்டு பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபைகள் நிதி ஒதுக்க வழி பிறந்தது. அதே ஆண்டுத் தேர்தலையொட்டி நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்து, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியவை புதிய சபைகளாயின. தலவாக்கலைக்கு மேலேயுள்ள தோட்டங்கள் பல இவற்றின் எல்லைக்குள் வருகின்றன. அச்சபைகளின் காலம் பெருந்தொற்றிலும் நெருக்கடியிலும் கழிந்து 2023 மார்ச்சில் முடிவுற்றது. தேர்தல் தள்ளிப்போனமையால் 2025 மே வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே நிர்வாகம் நடந்தது. இப்போதுள்ள சபைகளுக்குத் தோட்டப் பாடசாலையிலோ, பிள்ளைக் காம்பரா எனப்படும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலோ ஒரு கிளை வாசிகசாலை அமைக்கச் சட்டத் தடையில்லை. நகர சபை நூலகத்தோடு உடன்பாடு செய்து, பிரதேச சபை எல்லையிலுள்ளவருக்கும் பிணையின்றி அங்கத்துவம் வழங்கவும் முடியும். முதல் மதிப்பீட்டுக்கு வேண்டிய தரவைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை: அங்கத்துவப் பதிவேட்டின் முகவரிப் பத்தியை எடுத்து, தோட்டப் பெயரோ பிரிவுப் பெயரோ எத்தனை வரிகளில் வருகிறது என்று எண்ணினால், எந்தப் பாதையில் வாகனத்தை முதலில் அனுப்புவது என்பது தெரிந்துவிடும்.